பச்சைத் தூளும் உப்புத் தண்ணீரும்: மீஞ்சூர் வழிக் கறிக்கோழிப் பண்ணை ஒன்றில் ஸ்பைருலினா

பின்னணி

மணலி புதுநகரைத் தாண்டி மீஞ்சூர் போகும் வழியில், பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது இந்தப் பண்ணை. ஒரே ஷெட். ஆயிரத்து இருநூறு கோழி பிடிக்கும். கணவன், மனைவி இருவர்தான் வேலை. குஞ்சைத் தாங்களே வாங்கி, தீவனத்தைத் தாங்களே கலந்து, வளர்ந்ததும் திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டைப் பக்கக் கறிக்கடைகளுக்கு உயிராகவே கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பந்தப் பண்ணையாக இருந்திருந்தால் இப்படி ஒரு ஆய்வு எழுதவே வாய்ப்பு வந்திருக்காது. அங்கே குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. பண்ணைக்காரர் ஒரு பிடி தவிட்டைக்கூடச் சேர்க்க முடியாது.

இவர்களுடைய தீவனத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கொஞ்சம் எண்ணெய், டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), சுண்ணாம்புத் தூள், மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்கள், ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து சேர்ந்த ப்ரீமிக்ஸ், நூறு கிலோவுக்கு 350 கிராம் உப்பு. வழக்கமாக முப்பத்தைந்து நாளில் சராசரி 1.9 கிலோ வரும். இறப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு.

பிறகு எதற்கு ஸ்பைருலினா என்ற பச்சைத் தூள்? இரண்டு காரணம். ஒன்று, கடைக்கு வருகிறவர்கள் விடாமல் கேட்கும் ‘ஊசி போட்ட கோழியா?’ என்ற கேள்வி. கறிக்கோழிக்கு யாரும் ஹார்மோன் ஊசி போடுவதில்லை. ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. வேகமாக வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். ஆனால் இதை எத்தனை முறை சொன்னாலும் அந்த ஊசி நம்பிக்கை போகாது. இன்னொன்று, ஆன்டிபயாடிக் பற்றிய பேச்சு. 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளிலும் கோழிகளிலும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்துவதை மத்திய அரசு தடை செய்தது. அதற்குப் பிறகு சின்ன ஓட்டல்காரர்கள்கூட ‘மருந்தில்லாக் கோழி’ கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவரிடம் வாரம் தவறாமல் கோழி எடுக்கும் ஒரு ஓட்டல் முதலாளி, நல்ல கோழி என்றால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர், “மச்சான், ஸ்பைருலினா போடு. அறுபது சதம் புரதம். நோயே வராது” என்று ஒரு மூட்டைக்கு ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டார்.

எதைச் சேர்த்தார்

ஸ்பைருலினா நுண்பாசி என்ற பெயரில்தான் விற்கிறது. உண்மையில் அது நீலப்பச்சை பாக்டீரியா வகை. நல்ல தூளில் 55 முதல் 70 சதம் வரை புரதம் இருப்பது உண்மைதான். சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48. செல்சுவரில் செல்லுலோஸ் கிடையாது, அதனால் குளோரெல்லா என்ற பாசியைவிட எளிதாகச் செரிக்கும். பீட்டா கரோட்டின், சீயாசாந்தின் போன்ற மஞ்சள் நிறமிகள் தாராளமாக உண்டு. கோழிக்குக் கொடுப்பதும் புதிதல்ல. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மீன்தூளுக்குப் பதிலாகக் கறிக்கோழிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இலேயே வந்துவிட்டது.

ஆனால் அது வளரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கத்துச் சோடாக் குட்டைகளில் தானாக வளர்வது அது. வேறு பாசிகள் தாக்குப்பிடிக்க முடியாத காரத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். தொட்டியில் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் சாரூக் கரைசலில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா, போகிறது. அறுவடை செய்த கூழை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து காயவைத்தால் இந்தச் சோடா பெரும்பாலும் போய்விடும். அலசாமல் காயவைத்தால் தூளோடு சேர்ந்து மூட்டைக்குள் வரும். எடையும் கூடும்.

பண்ணைக்காரர் வாங்கியது கால்நடைத் தீவனத் தரம் என்று விற்ற தூள். மூட்டையில் புரதம் 60 சதம் என்று ஒட்டியிருந்தது. ஆய்வுச் சீட்டு எதுவும் கூட வரவில்லை, இவரும் கேட்கவில்லை. நூறு கிலோ தீவனத்துக்கு இரண்டு கிலோ என்று, எட்டாம் நாளிலிருந்து, ஏற்கெனவே இருந்த கலவைக்கு மேலேயே கொட்டிக் கலந்துவிட்டார். சோயாவையோ உப்பையோ குறைக்கவில்லை. சித்திரை மாதம், கத்திரி தொடங்கும் நேரம்.

முதல் பேட்ச்: கண்ணில் பட்டவை

தூள் சேர்த்த மறுநாளே எச்சத்தின் நிறம் மாறியது. கரும்பச்சை. அடுத்த நாள்களில் நீர்த்தும் போனது. பதினான்காம் நாளுக்குள் ட்ரிங்கர்களைச் சுற்றியிருந்த உமி நனைந்து கட்டிதட்ட ஆரம்பித்தது, அங்கிருந்து ஷெட் முழுக்கப் பரவியது.

பச்சைக் கழிச்சல் என்றதும் இந்த ஊரில் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் என்ற வைரஸ் நோய். பண்ணைக்காரர் பயந்துபோய் மருந்துக்கடைக்கு ஓடினார். அங்கே என்ரோஃப்ளாக்சசின் கொடுத்து மூன்று நாள் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தில்லாக் கோழி வேண்டும் என்று ஆரம்பித்த பேட்சுக்கு மூன்றாம் வாரத்திலேயே ஆன்டிபயாடிக் ஏறியது இப்படித்தான். எச்சம் கொஞ்சமும் மாறாததால் பதினேழாம் நாள் கால்நடை மருத்துவரான எனக்கு அழைப்பு வந்தது.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் அமோனியா கண்ணைக் கரித்தது. ஒரு பிடி உமியை எடுத்து அழுத்தி விட்டால் நல்ல ஆழ்கூளம், அதாவது தரையில் பரப்பிய உமிப் படுக்கை, உள்ளங்கையிலேயே லேசாக ஒட்டி உதிர வேண்டும். இங்கே கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றது, விரல் பதிந்த தடம்கூட அப்படியே இருந்தது. சில கோழிகளைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தேன். அடிப்பாதத்தின் நடுவில் கருப்பாகக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

அதே சமயம் கோழிகள் சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. தீவனத் தட்டில் கூட்டம் குறையவில்லை. இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, கழுத்து திருகல் இல்லை.

“எச்சம் தண்ணியா கீது டாக்டர், ஆனா தீனியெல்லாம் நல்லாதான் துன்னுது. இன்னா நோய் இது?” என்று பண்ணைக்காரர் கேட்டதே பாதி நோயறிதல். ராணிக்கெட் வந்த கூட்டம் தீவனத்துக்கு இப்படி முட்டிமோதாது.

இன்னொரு தகவல் பண்ணைக்காரரின் மனைவியான அக்காவிடமிருந்து வந்தது. தண்ணீர்த் தொட்டி அவர்கள் பொறுப்பு. “பகல்ல ரெண்டு வாட்டி ரொப்பினா போதும் தம்பி. இந்த வாரம் மூணு வாட்டி ரொப்பியும் சாயங்காலம் காலியா கெடக்குது” என்றார். வெயில் அதிகம் என்று அவரே ஒரு காரணமும் சொன்னார். ஆனால் போன வருடம் இதே மாதத்தில் இதே வயதுக் கோழிக்கு எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று கேட்டதும் யோசித்துவிட்டு, “ரெண்டுதான்” என்றார்.

எதையெல்லாம் விலக்கினோம்

நலிந்த இரண்டு கோழிகளையும் நன்றாக இருந்த ஒன்றையும் அறுத்துப் பார்த்தேன். ராணிக்கெட்டில் எதிர்பார்க்கும் இரைப்பை ரத்தப்புள்ளிகள் எதிலும் இல்லை. ராணிக்கெட் தடுப்பு மருந்தான லசோட்டா சரியான வயதில் கண்ணில் சொட்டாகப் போடப்பட்டிருந்தது. குடலில் தண்ணீர் போன்ற பச்சை நீர், சுவரில் பெரிய புண் ஏதும் இல்லை. நலிந்த ஒரு கோழியின் குடல்வாலில் மட்டும் லேசான ரத்தக்கசிவு. எச்சத்தை மாதவரத்தில் உள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பியதில் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டைகள் தெரிந்தன, ஆனால் கொஞ்சம்தான். ஈரமான ஆழ்கூளத்தில் அது தானாகக் கிளம்பும். ஆக, ரத்தக்கழிச்சல் இங்கே ஈரத்தின் விளைவு. ஈரத்தை உண்டாக்கியது அதுவல்ல.

அடுத்து ட்ரிங்கர் ஒழுகல். மணி வடிவ ட்ரிங்கர்கள், ஒன்றிரண்டு உயரம் குறைவாக இருந்தன. அது ட்ரிங்கரடி ஈரத்துக்குக் காரணமாகலாம், ஷெட்டின் மூலைவரை எச்சம் நீர்த்திருப்பதை விளக்காது. பச்சை நிறத்துக்குக் காரணம் வெளிப்படை: தூளின் நிறமிதான். அது நோய்க்குறியே அல்ல. தூள் சேர்த்த மறுநாளே நிறம் மாறியதும், கோழி சோர்வில்லாமல் இருந்ததும் போதுமான சான்று.

மீதி நின்றது ஒரே கேள்வி. கோழி ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? தின்னும் தீவனத்தின் எடைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் என்பது வழக்கம். வெயிலில் கூடும். இங்கே அதற்கும் மேலே போயிருந்தது. கோழி காரணமில்லாமல் தண்ணீர் குடிப்பதில்லை. உப்பை வெளியேற்றக் குடிக்கும்.

சோடியம் எங்கிருந்தெல்லாம் வந்தது

ஸ்பைருலினாத் தூளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுத்தோம். முடிவு வருவதற்குள் கோழிகளைக் காப்பாற்ற வேண்டியதைத் தொடங்கிவிட்டோம், அதைப் பிறகு சொல்கிறேன். முடிவு இப்படி வந்தது.

தூளில் புரதம் 43 சதம். சாம்பல், அதாவது எரித்தபின் மிஞ்சும் தாது உப்பு, 26 சதம். நன்றாக அலசிய தூளில் சாம்பல் பத்துக்குள் இருக்க வேண்டும். சோடியம் மட்டும் 6 சதம்; நல்ல தூளில் ஏறக்குறைய 1 சதம் இருக்கும். சுருக்கமாக, புரதத்துக்குக் காசு கொடுத்து ஆப்ப சோடா வாங்கியிருக்கிறார்.

கிணற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு லிட்டருக்கு 2,300 மில்லிகிராம், சோடியம் 550. இந்தப் பக்கத்தில் இது ஆச்சரியமில்லை. மீஞ்சூர்ப் பகுதியில் 1960களிலிருந்து பாசனத்துக்கும் நகரக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் இறைத்த இறைப்பில், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. மாடு குடிக்கும், தென்னை தாங்கும், கோழியும் ஒரு அளவுவரை தாங்கும். கரைந்த உப்பு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் மில்லிகிராமுக்குள் இருந்தால் கோழிக்குக் கொடுக்கலாம், எச்சம் நீர்க்கலாம் என்பதுதான் பாடப்புத்தகமே சொல்வது. இத்தனை வருடம் இந்தத் தண்ணீரிலேயே அவர்கள் வளர்த்துவந்தார்கள், ஏனென்றால் தீவனத்தில் உப்பு அளவாக இருந்தது.

இப்போது ஒரு கிலோ தீவனம் தின்னும் கோழியின் உடலுக்குள் போகும் சோடியத்தைக் கூட்டிப் பார்ப்போம். தீவனத்தின் உப்பும் தானியங்களும் சேர்ந்து 1.7 கிராம். ஸ்பைருலினா இருபது கிராம், அதில் 1.2 கிராம். இரண்டு லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் 1.1 கிராம். நான்காவதாக இன்னொன்று இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை, ஷெட் அலமாரியில் பாக்கெட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது: வெயிலுக்காக மதியத் தண்ணீரில் கலந்த எலக்ட்ரோலைட் பவுடர். அதிலும் முக்கியப் பொருள் ஆப்ப சோடாவும் உப்பும்தான். அரை கிராமாவது அதிலிருந்து. மொத்தம் 4.5 கிராம். கோழிக்குத் தேவை வயதைப் பொறுத்து ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம்.

கூடுதலாகக் குடித்தால் தண்ணீர் வழியாக வரும் சோடியமும் கூடும். உப்பை வெளியேற்றக் குடிக்கும் தண்ணீரே உப்புத் தண்ணீர். இங்கே எதுவும் தனியாக விஷமில்லை. கோடையில் எலக்ட்ரோலைட் கொடுப்பது நல்ல பழக்கம், இரண்டு சதம் ஸ்பைருலினா பல ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவுதான். நான்கும் ஒரே மாதத்தில் ஒரே கோழிக்குள் போனதுதான் சிக்கல். விற்றவர் தூளை மட்டும் பார்த்தார், மருந்துக்கடைக்காரர் எச்சத்தை மட்டும் பார்த்தார்.

உடனே எடுத்த முடிவுகள்

பதினேழாம் நாளே ஸ்பைருலினாவையும் எலக்ட்ரோலைட்டையும் நிறுத்தினோம். என்ரோஃப்ளாக்சசினையும் தொடரவில்லை, அதற்கு எந்தத் தேவையும் தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. உப்பு ஏறிய கோழிக்குத் தண்ணீரைக் குறைத்தால் எச்சம் கட்டியாகும் என்று சிலர் செய்வதுண்டு. அது ஆபத்து. தண்ணீர் கிடைக்காவிட்டால்தான் உப்பு நஞ்சாக மாறி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். எனவே குறைக்கக் கூடாது, மாற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். முழுக்க அதையே கொடுக்கச் செலவு தாங்காது என்பதால் மூன்று பங்கு லாரித் தண்ணீர், ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர். வெயிலுக்கு எலக்ட்ரோலைட்டுக்குப் பதிலாகக் கூரையில் ஈரச்சாக்கு, மதியம் பதினொன்றிலிருந்து மூன்றுவரை தீவனம் நிறுத்தம், குளிர்ந்த வேளையில் கூடுதலாகத் தீவனம்.

அடுத்த கலவையில் உப்பை 350 கிராமிலிருந்து 250 ஆகக் குறைத்தோம். இதற்கு மேல் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. உப்பில் சோடியம் மட்டுமல்ல, குளோரைடும் உண்டு. அதுவும் கோழிக்குத் தேவை. தவிர, லாரித் தண்ணீருக்கு மாறிவிட்ட பிறகு தண்ணீர்வழிச் சோடியம் குறைந்துவிட்டது.

கட்டிதட்டிய உமியை வாரி வெளியே போட்டுச் செங்குன்றம் அரிசி ஆலையிலிருந்து புது உமி இறக்கினார்கள். மீதியைக் காலையும் மாலையும் கிளறினார்கள். பக்கவாட்டுத் திரைகளை முழுக்கச் சுருட்டினோம். காக்சிடியாவுக்கு ஆம்ப்ரோலியம் ஐந்து நாள். ட்ரிங்கரின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வந்தது.

மூன்று நாளில் எச்சம் கட்டியானது. பச்சை நிறம் அதற்கும் முன்பே போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் அமோனியா நெடி குறைந்தது. பாதப் புண் மட்டும் ஆறவில்லை, பேட்ச் முடியும்வரை பொருக்கு இருந்தது. முப்பத்தைந்தாம் நாள் சராசரி எடை 1.7 கிலோ, இறப்பு நூற்றுக்கு ஆறு. நஷ்டம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, ஆனால் கையில் நின்ற காசு லாரித் தண்ணீருக்கும் உமிக்கும் போய்விட்டது. ஆன்டிபயாடிக்கின் விலகல் காலம் (மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை காத்திருக்கும் நாள்கள்) விற்பதற்கு வெகு முன்பே முடிந்திருந்தது. ஆனாலும் இந்த பேட்சை ஓட்டலுக்கு ‘மருந்தில்லாக் கோழி’ என்று கொடுக்கக் கூடாது என்று அக்கா உறுதியாகச் சொல்லிவிட்டார். சாதாரண விலைக்கே போயிற்று.

இரண்டாவது பேட்ச்: பாதி ஷெட்

நியாயமாக, பண்ணைக்காரர் இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தூள்தான் கெட்டது, ஸ்பைருலினா கெட்டதல்ல என்று அவருக்குப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. அதனால் சரியாகச் செய்து பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம்.

இந்த முறை ஆய்வுச் சீட்டோடு வேறு இடத்தில் வாங்கினார். சாம்பல் 8 சதம், சோடியம் ஒன்றுக்குப் பக்கம். அளவு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ. மேலே கொட்டாமல், அதே அளவு சோயாப் புண்ணாக்கைக் குறைத்துக் கலந்தோம். இரண்டுக்கும் அமினோ அமிலக் கணக்கு ஒன்றல்ல. ஸ்பைருலினாப் புரதத்தில் லைசின் சோயாவைவிடக் குறைவு. ஒரு சதத்துக்கு அது பெரிய வித்தியாசமில்லை என்றாலும் லைசினைச் சிட்டிகை கூட்டினோம். அதிக அளவுக்கு ஏன் போகவில்லை என்றால், பத்து, பதினைந்து சதம் என்று போகும்போது அந்தப் புரதம் குடலில் கூழாகிக் கெட்டிப்பட்டு மற்றச் சத்துகள் செரிப்பதையும் கெடுக்கிறது, வளர்ச்சி குறைகிறது. விலையும் எட்டாது. எலக்ட்ரோலைட் இல்லை, தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்தது, உப்பு 280 கிராம்.

ஷெட்டைக் கம்பி வலையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஸ்பைருலினா, மறுபக்கம் வழக்கமான தீவனம். மேற்கு வெயில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் என்பதால் வலை நீளவாக்கில் போகாமல் குறுக்கே போனது; இரண்டு பாதிக்கும் ஒரே அளவு வெயில்.

இரண்டு பக்கமும் ஆழ்கூளம் காய்ந்தே இருந்தது. பச்சை எச்சம் வந்தது, ஆனால் கட்டியாக. இறப்பில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எடையில் ஸ்பைருலினாப் பக்கம் சில பத்து கிராம் கூட இருந்தது. பண்ணைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார், நான் விடவில்லை. ஒரே ஷெட்டில் ஒரே ஒரு முறை, இரண்டே கூட்டம். வாசல் பக்கக் காற்றுக்கே அவ்வளவு வித்தியாசம் வரும்.

சந்தேகமில்லாமல் தெரிந்தது நிறம். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே கால்கள் தெரியும். ஒரு பக்கம் வெளிறிய மஞ்சள், மறுபக்கம் நல்ல எலுமிச்சை மஞ்சள். உரித்தபோது தோலடிக் கொழுப்பும் அப்படி, நெஞ்சுக்கறியில்கூட லேசான மஞ்சள்.

கடையில் என்ன ஆயிற்று

நிறத்துக்கு விலை உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எந்தச் சந்தையில் என்று கேட்க வேண்டும். வடசென்னைக் கறிக்கடையில் பெரும்பாலோர் தோலை உரித்து வாங்குகிறார்கள். நிறமி அதிகம் தங்குவது தோலிலும் கொழுப்பிலும். ஆக, காசு கொடுத்து ஏற்றிய மஞ்சள், கடைக்காரரின் கழிவுக் கூடையில் விழுந்தது.

நெஞ்சுக்கறியின் லேசான மஞ்சள் சங்கடத்தையும் உண்டாக்கியது. திருவொற்றியூர்க் கடையில் ஒரு அம்மா, “இன்னாப்பா சாயம் கீயம் போட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார். ஊசிக் கேள்விக்குப் பதில் தேடப்போய்ச் சாயக் கேள்வி வந்து சேர்ந்தது. ஓட்டல் முதலாளிக்கோ மசாலாவில் நிறம் தெரியவே தெரியாது. அவர் கேட்டது மருந்தில்லாக் கோழி. இந்த பேட்சுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் போடவில்லை என்ற சொல்லுக்குத்தான் அவர் கூடுதல் விலை கொடுத்தார். ஸ்பைருலினா என்ற பெயரை இரண்டு முறை சொல்லிக் காட்டியும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

காசுக் கணக்கு இது. நல்ல தூள் அவருக்குக் கிலோ நானூறு ரூபாய்க்குக் கிடைத்தது. முப்பத்தைந்து நாளில் ஒரு கோழி 3.2 கிலோ தீவனம் தின்கிறது என்று வைத்தால், ஒரு சதம் என்பது 32 கிராம், ஏறக்குறைய பதின்மூன்று ரூபாய். குறைத்த சோயாவின் விலையைக் கழித்தாலும் பதினொன்று மிஞ்சும். இரண்டு கிலோக் கோழிக்கு, உயிர் எடையில் கிலோவுக்கு ஐந்தரை ரூபாய் கூடுதல் செலவு. பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலை சில நாள் ஒரே இரவில் அந்த அளவு இறங்கிவிடும். அந்தத் தொழிலில் ஐந்தரை ரூபாயை நம்பிக்கைக்காக மட்டும் செலவழிக்க முடியாது.

தொட்டியில் நாமே வளர்த்தால்?

விலைதான் பிரச்சினை என்றதும் அடுத்த யோசனை உடனே வந்தது. பின்பக்கக் காலி இடத்தில் தார்ப்பாய்த் தொட்டி போட்டு நாமே வளர்க்கலாமே. சென்னையிலேயே தரமணியில் உள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராம அளவில் ஸ்பைருலினா வளர்ப்பைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியது. எனவே கேள்வி முடியுமா என்பதல்ல, இந்த இடத்தில் செய்யலாமா என்பது.

அளவைப் பார்த்தோம். திறந்த தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம் காய்ந்த தூள் கிடைத்தால் நல்ல விளைச்சல். ஆயிரத்து இருநூறு கோழி, பேட்ச் சராசரியில் நாளுக்கு 110 கிலோ தீவனம் தின்னும். ஒரு சதம் என்றால் 1.1 கிலோ தூள். அதற்கு 110 சதுர மீட்டர் தொட்டி. கோழிக்கு ஒரு சதுர அடி என்று கட்டிய அவர்களுடைய ஷெட்டே அவ்வளவுதான் இருக்கும். கடைசி வாரத் தேவைக்கு அதுவும் போதாது. அறுவடை, அலசல், காயவைப்பு, மழையில் மூடுவது எல்லாவற்றுக்கும் அந்த இருவர்தான்.

அதைவிடப் பெரிய தடை வேறு. பாசி உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈயம், காட்மியம் கலந்த தண்ணீரைச் சுத்திகரிக்கவே ஸ்பைருலினாவைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் பெட்ரோலியத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இந்தப் பகுதியில், திறந்த தொட்டியில், உள்ளூர்க் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்ததைக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழியை மனிதருக்கு விற்பதென்றால் ஒவ்வொரு அறுவடைக்கும் உலோகப் பரிசோதனை வேண்டும். அதன் செலவுக்கு நல்ல தூளையே வாங்கிவிடலாம்.

உறவுக்காரப் பையன் ஒருவன் ஏரியில் மிதக்கும் பச்சையை அள்ளிவந்தால் சும்மாவே கிடைக்குமே என்றான். இதற்கு மட்டும் நான் யோசிக்கவே நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஏரிப் பச்சையில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசிஸ்டிஸ். அது உண்டாக்கும் நஞ்சு கல்லீரலை அழிக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது.

இப்போது என்ன செய்கிறார்கள், இனி என்ன மாறும்

கறிக்கோழிக்கு முழுப் பருவமும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். முதல் பதினான்கு நாள் மட்டும் ஒரு சதம். அந்த வயதில் ஒரு குஞ்சு அரை கிலோ தீவனம்தான் தின்னும், தூள் செலவு இரண்டு ரூபாய்க்குள். அதனால் எதிர்ப்புச் சக்தி கூடுகிறதா என்று இந்தப் பண்ணையை வைத்துச் சொல்ல முடியாது. பண்ணைக்காரருக்கு நம்பிக்கை இருக்கிறது, இரண்டு ரூபாய்க்கு நான் தடுக்கவில்லை. இரண்டாவது வாரத்தோடு நிற்பதால் விற்கும்போது கறியில் மஞ்சள் தெரிவதில்லை.

மிச்சத் தூள் ஷெட்டுக்கு வெளியே தனியாக வளரும் சுமார் நூறு நாட்டுக்கோழிக் கலப்பினத்துக்குப் போகிறது. அதைத் தோலோடு வாட்டித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர் உயிரோடு நிற்கும் கோழியின் காலைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார், மஞ்சள் கால் அங்கே எடுபடுகிறது. வாட்டும்போது கடைக்காரர் மேலே மஞ்சள்தூள் பூசிவிடுவதால் அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்பது தனிக் கதை.

இதே நிலையில் இன்னொரு பண்ணை என்னிடம் வந்தால் வரிசையை மாற்றுவேன். தூளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரைச் சோடியம் பார்த்துவிடுவது முதல் வேலை. பழவேற்காடு தொடங்கி எண்ணூர்வரை கடலோரப் பண்ணை எதற்கும் இது பொருந்தும், கோடைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. நுண்பாசி விற்கிறவரிடம் புரதத்தைவிட முதலில் சாம்பலைக் கேட்க வேண்டும். சாம்பல் பத்து சதத்தைத் தாண்டினால், புரதம் எவ்வளவு என்று ஒட்டியிருந்தாலும் மூட்டையைத் திருப்பிவிடலாம். புது பொருளை முழு ஷெட்டுக்கும் ஒரே நாளில் போடாமல், வலை கட்டி நூறு கோழிக்குக் கொடுத்துப் பார்த்தால், எச்சம் பச்சையானாலும் பயமிருக்காது. பக்கத்திலேயே ஒப்பிட வேறு கோழி நிற்கும்.

அக்கா இப்போது தண்ணீர்த் தொட்டி நிரப்பும் கணக்கை ஷெட் வாசல் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைக்கிறார். போன கோடையில் அந்தக் கோடு ஒரு நாள் கூடியபோது, எச்சம் நீர்ப்பதற்கு முன்பே பண்ணைக்காரர் என்னை அழைத்துவிட்டார். அந்த முறை காரணம் ஸ்பைருலினா அல்ல. லாரி வராததால் மூன்று நாள் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் போயிருந்தது. மழைநீரைச் சேர்த்துவைக்க ஐயாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று வைப்பதற்கு இப்போது விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கூரை ஷீட்டிலிருந்து விழும் தண்ணீர் என்பதால் முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வும் அதில் சேரும்.